பாதிச் சேனலும் பலாமரமும்

எங்கள் டிஷ் தோட்டத்தின் கடைசியில் இருக்கிறது. புதுக் கேபிள் இழுத்த நாள்முதல் பாதிச் சேனல்கள் வரவில்லை. டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்துபோன என் கணவர், "இந்தப் பிலா மறைக்குதாக்கும்" என்று பலாமரத்தின் பெரிய கொப்பை வெட்டினார். பலனில்லை. மரத்தையே சாய்க்க ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

அலுத்துப்போய், மிச்சமிருந்த கேபிள் துண்டை ஃபிரிட்ஜ் மேல் வைக்கப் போனேன். அதன் செம்பு நிற உள்கம்பி, கதவிலிருந்த காந்தப் பொம்மையில் ஒட்டிக்கொண்டது.

"இஞ்ச பாருங்க, செம்புல காந்தம் ஒட்டுமா?"

உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. செம்பைப்போல இரும்பு மின்சாரம் கடத்தாது; அத்தனை நீளத்தில் செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரம் குறைந்து, கூடுதல் மின்னழுத்தம் வேண்டிய பாதிச் சேனல்கள் விட்டுப்போயிருக்கின்றன. முழுச் செம்புக் கேபிள் மாற்றியதும் எல்லாச் சேனல்களும் வந்தன.

இப்போது கேபிள் வாங்கக் காந்தத்தோடுதான் போகிறேன். மரம் தப்பியது. ஆனால் வருடந்தோறும் காய்த்தது வெட்டிப்போட்ட அந்தக் கொப்புதான்.