பழைய ஃபிரிட்ஜும் அடைக்கோழியும்

என் அக்கா புருஷன் நூர்முகம்மதுக்குத் தெரியாதது என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். இருபது வருடத்துக்கு மேல் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அங்கே கறிக்கடைக் குளிர் அறையிலிருந்து பெரிய மனிதர்களின் படுக்கை அறை வரைக்கும் எல்லாவற்றையும் ஜில்லென்று வைத்திருந்தது இவர்தானாம். போன வருடம் கம்பெனியில் ஆள் குறைத்தபோது மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்தார். வந்த கையோடு எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.களை எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று தீர்ப்புச் சொன்னார். அதில் என் வீட்டு ஏ.சி.யும் ஒன்று. நான் எதிர்வீட்டில்தான் இருக்கிறேன். ஷம்ஸியா என்று பெயர். மச்சான் என்று கூப்பிடுகிற உரிமையில் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அவரும் சளைக்காமல் பதில் சொல்லுவார். ஆனாலும் எங்களுக்குள் கோபம் நீண்ட நாள் நின்றதில்லை.

ஊரில் அவருக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்தவன் கடையில் போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தவரின் கண்ணில், கடைசியில் என் அக்கா ஷரீபா பீவியின் கோழிகள் பட்டன.

எங்கள் பக்கம் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் கோழி நிற்கும். ஆனால் குஞ்சு வேண்டுமென்றால், வண்டியில் கொண்டுவருகிறவனிடம் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசிய குஞ்சை வாங்க வேண்டும். அது ஒரு வாரம் இருந்தால் பெரிய விஷயம். "நல்ல நாட்டுக்குஞ்சா நாமளே பொரிச்சுக் குடுத்தா என்ன?" என்றார் மச்சான். கேட்டபோது எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது.

அந்தச் சமயம் பார்த்துக் குவைத்திலிருந்து தாவூது போன் செய்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், மச்சானோடு வேலை பார்த்த ஃபோர்மேன். இப்போது வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். அங்கே ஆள் வேண்டும், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்றார்.

லாத்தா அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டுவிட்டாள். அக்காவை நாங்கள் லாத்தா என்றுதான் சொல்லுவோம். அவள் சோறு குழைந்து நான் பார்த்ததே இல்லை. இனி அவர் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். வீடு கட்டியாயிற்று, மகள் அர்வா பாளையங்கோட்டையில் படிக்கிறாள், குறை என்று ஒன்றும் இல்லை. புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பொம்பளை ஆசைப்படுவது பெரிய ஆசையா? ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"மச்சான், போறியளா, இருக்கியளா? ஒண்ணச் சொல்லுங்க."

"கையக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்கார எனக்குத் தெரியாது ஷம்ஸியா. இந்தக் குஞ்சு வேலை ஓடுச்சுன்னா இங்கனயே இருக்கேன். ஓடலன்னா பெருநாள் முடிஞ்சதும் கிளம்புதேன். தாவூதுட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"ஓடலன்னா என்ன ஓடலன்னா? நான் செஞ்சு எது ஓடாம இருந்திருக்கு?" என்று அவரே அடுத்த வரியையும் சொல்லிக்கொண்டார்.

மாடியில் தகரக்கூரை போட்ட அறை ஒன்று உண்டு. அங்கே கெட்டுப்போன பழைய ஃபிரிட்ஜ் கிடந்தது. அதைத் துடைத்து நிறுத்தினார். உள்ளே இரண்டு குண்டு பல்பு, காற்றைச் சுற்றிவிட ஒரு சின்ன மின்விசிறி, ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். குவைத்திலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த சாமான்களில் குளிர் அறைக்கு வைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று இருந்தது. வேண்டிய சூட்டுக்கு அதன் குமிழைத் திருகி வைத்துவிட்டால், பல்பைப் போட்டு அணைப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நண்பகலில் எங்களைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினார். பல்பு எரிந்தது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே வைத்து எடுத்தார். கோழியின் அடிவயிற்றுச் சூடு சொல்லி வைத்தாற்போல் இருந்தது.

"பாத்தியளா?" என்றார்.

லாத்தா பார்த்தாள். ஆனால் முட்டை எல்லாவற்றையும் தரமாட்டேன் என்றுவிட்டாள். பாதி ஃபிரிட்ஜுப் பெட்டிக்கு, பாதி கோழிக்கு. அவளுடைய சிவப்புக்கோழி அடைக்கு வந்து, பக்கத்தில் போனால் உப்பிக்கொண்டு உறுமிக்கொண்டு இருந்தது. பழைய நார்ப்பெட்டியில் மணலும் உமியும் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமல் இருக்க ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி, ஒரு வற்றல் மிளகாய் போட்டு, பிஸ்மி சொல்லி முட்டைகளை அடுக்கினாள். கோழியைத் தூக்கி உட்கார்த்தினாள். மாடியில் மச்சானும் பிஸ்மி சொல்லித்தான் வைத்தார்.

அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் பக்கம் யாரையும் அண்ட விடவில்லை. காலையிலும் அந்தியிலும் அவரே திறந்து முட்டைகளைப் புரட்டி வைப்பார். திறக்கும்போதெல்லாம் பல்பு அணைந்திருக்கும். "சூடு நிறைஞ்சிட்டு, அதான் அணைஞ்சிருக்கு" என்று இறங்கி வருவார். பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் குஞ்சு வேண்டுமா என்று கேட்டுவைத்தார். நாலைந்து பேர் சரி என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் போனது. அறையை இருட்டாக்கி, செல்போன் வெளிச்சத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். கோழியின் முட்டைகளில் சிவப்பு நரம்பு கிளை கிளையாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பொட்டு துடித்தது. பெட்டி முட்டைகள் பச்சைத்தண்ணீர். ஒன்றிரண்டில் ரத்தம் வளையமாகக் கட்டி நின்றிருந்தது. உயிர் பிடித்து, பிறகு விட்டுப்போயிருக்கிறது.

மச்சான் அந்த முட்டைகளைத் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைப் பார்த்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாய்க்கு வந்த கேலியை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் நண்பகலில் பெட்டியைப் பிரிக்கலாம் என்று மாடிக்குப் போனவர், கதவைத் திறந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அறை வெயிலில் கொதிக்கிறது. பல்பு இரண்டும் ஜெகஜோதியாக எரிகின்றன.

"ஏலே நூரு, உனக்குப் புத்தி இருக்கா?" என்று தன்னையே வைதார்.

விஷயம் இதுதான். குளிர் அறையில் சூடு ஏறினால் மெஷின் ஓட வேண்டும், குளிர்ந்தால் நிற்க வேண்டும். முட்டைப் பெட்டிக்கு இது தலைகீழ். இத்தனை வருடம் கொடுத்த அதே வயரை அதே இடத்தில் அவர் கை தானாகக் கொடுத்திருக்கிறது. அதனால் முட்டைக்கு வெயிலில் விளக்கு எரிந்திருக்கிறது, குளிர் நேரத்தில் எல்லாம் அணைந்து கிடந்திருக்கிறது. சோதித்துக் காட்டினாரே, அந்த நேரத்துச் சூடு நம்ம திருநெல்வேலி வெயில் கொடுத்தது. பெட்டிக்கு அதில் பங்கே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள். மச்சானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு வயரைக் கழற்றி அடுத்த முனையில் மாட்டினார். அவ்வளவுதான் வேலை.

ஆனால் புதிதாக வைக்க முட்டை இல்லை. சேர்த்து வைத்தாலும் பெருநாளுக்குள் பொரிக்காது. "சொன்னா சொன்னதுதான். பெட்டியில பொரிக்கல. தாவூதுட்ட வாரேன்னு சொல்லிருதேன்" என்றார். லாத்தா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு கீழே போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். கோழி பொரித்தால் மனசு மாறுவார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

பெருநாள் நெருங்கினால் லாத்தாவுக்குப் பேய் பிடித்த மாதிரி. வீட்டில் எதையும் கழுவாமல் விடமாட்டாள். திரைச்சீலை, மிதியடி, ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் வெளியே வரும். அந்த வேகத்தில் நார்ப்பெட்டியைப் பார்த்தவள், முட்டை மேல் பேன் ஊருவதைக் கண்டாள். கோழி பாவம், அரிப்பில் நிலைகொள்ளாமல் தவித்திருக்கிறது. உடனே வேப்பிலை போட்ட தண்ணீரை வாளியில் கொண்டுவந்து, கோழியைக் கழுத்து வரைக்கும் முக்கி எடுத்து, தேய்த்துக் குளிப்பாட்டி வெயிலில் விட்டாள்.

கோழி உதறிக்கொண்டு எழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. குப்பையைக் கிளறப் போய்விட்டது. தூக்கி வந்து முட்டை மேல் உட்கார்த்தினால் குதித்து ஓடியது. அந்தியில் சேவலோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. அடை தெளிந்துவிட்டது.

அடைக்கோழியின் அடை தெளிய வேண்டும் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? தண்ணீரில் முக்குவார்கள். இது எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்த கையாலேயே லாத்தா செய்துவிட்டு, நார்ப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே கெடுத்திட்டேன் ஷம்ஸியா. இனி அவரு போயிருவாரு" என்றாள். முதல் முறையாக வாயைத் திறந்து சொன்னது அன்றைக்குத்தான்.

மச்சான் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். குனிந்து ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் இளஞ்சூடு இருந்தது.

"கொண்டா இங்க. பையப் பைய எடு, குலுக்காத" என்றார்.

"பெட்டியிலயா?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இது ஃபிரிட்ஜு. உள்ள வச்சதக் காக்கதுதான் இதுக்கு வேலை. குளிர வச்சா குளிரு, சூட வச்சா சூடு. நான்தான் மாத்தி வச்சேன், அது என்ன செய்யும்?"

அந்தக் கடைசி வாரம் இரண்டு பேரும் மாடியிலேயே குடியிருந்தார்கள். தெர்மாமீட்டரை இனி ஒரு முறை பார்த்து நம்புகிறதாக மச்சான் இல்லை. மணிக்கொரு தரம் பார்த்தார். கோழி எப்போது எழுந்திருக்கும், எவ்வளவு நேரம் வெளியே நிற்கும் என்று லாத்தாவிடம் கேட்டார். அவள், காலையில் தீவனத்துக்கு ஒரு தடவை எழுந்து வரும், தின்று, மண்ணில் புரண்டு, உடனே போய்விடும் என்றாள். அதே அளவுக்குக் கதவைத் திறந்து வைத்து மூடினார். மத்தியானம் பல்பு அணையும், விடியலில் எரியும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பழைய ஃபிரிட்ஜ் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. நான் டீ கொண்டுபோனால், ரெண்டு பேரும் சின்னக் குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் மச்சான் தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டார். மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு முட்டையை என் காதில் வைத்தார். உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம்.

"ஹயாத்து இருக்கு, உசுரு இருக்கு" என்றார்.

மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லுகிற நேரத்துக்கு ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தது. மூக்கு நுனி தெரிந்தது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. குஞ்சு தூங்கிவிட்டது போல் கிடந்தது. மச்சானால் பொறுக்க முடியவில்லை. ஓட்டை உரித்துவிடக் கையை நீட்டினார். லாத்தா அந்தக் கையில் ஒரு அடி வைத்தாள்.

"தொடாதிய. அதுவா வரட்டும்."

கையை இழுத்துக்கொண்டார். திறந்த கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடு இன்னும் கொஞ்சம் விட்டது. நனைந்த இறக்கை ஒன்று வெளியே வந்தது. பக்கத்து முட்டையும் அசைந்தது.

"அர்வா பொறந்தப்பவும் இவ்வளவு நேரமா ஆச்சு?" என்று கேட்டார்.

"இதவிடக் கூட" என்றாள் லாத்தா.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அப்போதுதான் தாவூதின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நூரு, உன் பேரக் குடுத்திரட்டா? இங்கன இன்னைக்குக் கேக்காங்க."

"வர முடியாது வே" என்றார் மச்சான்.

"என்னலே ஆச்சு?"

"இங்கன குஞ்சு பொரிக்கு. வர முடியாது."

போனைக் கீழே வைத்தார். அர்வா பிறந்தபோது 'வர முடியாது' என்ற இந்தச் சொல்லைத்தான் அவர் அங்கிருந்து சொன்னார். எங்கள் வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றும், என் கல்யாணத்தின்போதும் இதே சொல்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் லாத்தா "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தச் சொல் இங்கேயிருந்து அங்கே போனதை அன்றைக்குத்தான் நாங்கள் கேட்டோம்.

லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை, தோள் குலுங்கியது. நானும் அழுதேன், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மச்சான் பதறிப்போய், "எதுக்கு அழுவுத? அதான் வரலன்னு சொல்லிட்டேனே" என்றார்.

"கதவச் சாத்துங்க, சூடு போவுது" என்றாள் லாத்தா.