சாக்கடைத் துவாரத்தின் கம்பி வலை

எழுபதுகளின் கடைசியில் நானும் என் தோழியும் தானா ராத்தா என்ற மலை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள். பன்னிரண்டு வருடம் ஒன்றாகக் கொழுந்து எடுத்தவர்கள். அவள் கைப்பக்குவத்தை நம்பித்தான் கடையே போட்டோம். அடுப்படி அவளுக்கு, மற்றதெல்லாம் எனக்கு.

வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் குளிர் எலும்புக்குள் இறங்கும். தேயிலைச் சரிவில் இருக்கிற எலிகள் அடுப்புச் சூட்டைத் தேடி டவுனுக்கு வந்துவிடும். அவற்றை வெளியே நிறுத்துவது என் வேலை. சுவர் ஓட்டைகளில் உடைந்த கண்ணாடியைத் திணித்து சிமெண்டு பூசுவேன். பின்கதவின் அடியில் தகரம் அடிப்பேன். சாக்கடைத் தண்ணீர் போகிற துவாரத்துக்குக் கம்பி வலை வைத்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்குவேன். முதல் இரண்டு வருடம் ஒரு எலிகூட உள்ளே வரவில்லை.

மூன்றாம் வருடம் வந்தன. காலையில் மாவு மூட்டை கிழிந்திருக்கும், மேசை மேல் புழுக்கை கிடக்கும். ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் தன் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் சுகாதார அதிகாரி வந்தார். யாரோ கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். இன்னொரு தடவை எலிப் புழுக்கையைப் பார்த்தால் கடையைச் சாத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழுதேன். தோழிதான் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "விடுடி, இந்தக் குளிருக்கு எலிய யாரு நிறுத்த முடியும்லா," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மண்டியிட்டு ஓட்டை தேடினேன். குளிரில் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. வலை போட்ட இடத்தில்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் காய்கறி வாங்க கியா பார்ம் சந்தைக்குப் போனேன். தெரிந்தவர் லாரியில் இடம் கிடைத்ததால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். பின்பக்கமாக வந்தேன். தோழி திருப்புளியோடு குந்தியிருந்தாள். கழற்றிய வலை சுவரில் சாய்ந்திருந்தது. துவாரத்துக்கு முன்னால் ஒரு பிடி நெத்திலித் தலை.

"என்னடி செய்றே?"

அவள் பதறவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தாள். "என் கொழுந்தன் பிரிஞ்சாங்ல கடை போடுறாரு. சமைக்கக் கூப்பிட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதுக்கு எலிய உள்ள விட்டியா?"

"கடையே மூடிப்போச்சுன்னா நான் உன்ன விட்டுட்டுப் போன மாதிரி இருக்காதுல்ல."

"அந்தக் கடுதாசி?"

அவள் நெத்திலித் தலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"போறேன்னு சொல்லியிருந்தா நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேன்," என்றேன். அது உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் போன பிறகு நானே வலையை முடுக்கினேன். மறுநாளிலிருந்து நானே சமைத்தேன். அவளைக் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். ஏன் அவளை அப்படிக் காப்பாற்றினேனோ. பாதிப் பேர் சாப்பிட வருவதை நிறுத்தினார்கள். மீதிப் பேரை வைத்துக் கடை சில வருடம் ஓடியது.

தினமும் காலையில் மாவு மூட்டையைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் அந்த ஒரு நாள் மட்டும் புத்தி கெட்டுச் செய்திருக்கலாம், மற்ற நாளெல்லாம் எலிகள் தானாக வந்திருக்கலாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு எலியாவது வந்தால் போதும் என்றிருந்தது. அந்தக் குளிர் முடியும்வரை ஒன்றும் வரவில்லை.

வெகுநாள் கழித்து அவளை பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, "கடை எப்படி ஓடுது?" என்று கேட்டாள். ஓடுது என்றேன். அவள் இன்னும் ஏதோ கேட்க நின்றாள். நான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தேன்.