ராட்டினத்துக்கு ஒரு பட்டாள லாரி

ராட்டினக்காரிக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கத் தெரியாது. பானை வாங்கினாலும் தட்டுவாள், கதவு வாங்கினாலும் தட்டுவாள். "கல்யாணத்துக்கு முன்னால என்னையும் தட்டிப் பாத்திருப்பா. சுத்தி ஆளுங்க இருந்ததால தப்பிச்சேன்" என்று அவள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவளும் விடமாட்டாள். "தட்டியிருந்தா உள்ள ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்பாள்.

அவள் அப்பா விட்டுப்போனது ஒரு குடைராட்டினம். மரக்குதிரைகள், இரண்டு வாத்து, கழுத்து ஒடிந்து ஒட்டுப்போட்ட ஒட்டகச்சிவிங்கி ஒன்று. ஒட்டு தெரியக்கூடாது என்று அவளே அதன் கழுத்தில் சிவப்பு மாலை வரைந்துவிட்டாள். பிள்ளைகள் அதில் ஏறத்தான் அடித்துக்கொள்ளும். சந்தை, கண்காட்சி என்று திடல் திடலாகப் போய் மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவர்கள் பிழைப்பு. வீட்டுக்காரர் முன்பு பஸ் டிரைவர். ஒருநாள் பிள்ளைகளை ராட்டினம் ஏற்ற வந்த அக்காவோடு துணைக்கு வந்தவர், அப்படியே ராட்டினத்தோடு ஐக்கியமாகிவிட்டார்.

ராட்டினத்தை மாட்டி முடித்ததும் அவள் ஒரு வேலை செய்வாள். கூட்டம் வருவதற்கு முன்னால், ஒற்றை ஆளாக ஒரு குதிரையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காலியாக ஒரு சுற்று சுற்றுவாள். எங்காவது ஒரு குதிரை வெடவெடவென்று ஆடினால் போச்சு. அன்றைக்கு அதில் யாரையும் ஏற்றமாட்டாள். காலியாகச் சுற்றும்போதே ஆடுவது பிள்ளைகள் ஏறினால் கழன்றுவிடும் என்பது அவள் அப்பா அவளுக்குக் கொடுத்த ஒரே படிப்பு. அந்தப் படிப்பு அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. அந்த லாரியைப் பார்க்கப் போன நாள் வரைக்கும்.

விஷயம் இதுதான். ராட்டினம் போவது வாடகை லாரியில். மழை பெய்தால் திடல் களிமண் குழம்பாகிவிடும். போன தடவை லாரி அச்சு வரைக்கும் இறங்கி, பாதி நாள் எல்லோரும் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். அதில் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. லாரிக்காரர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, "அம்மா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று போய்விட்டார். வேறு லாரிக்காரர்களும் திடல் பெயரைக் கேட்டாலே போனை வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "இந்த மாசத்துக்குள்ள நமக்குன்னு ஒரு நல்ல வண்டி கிடைச்சா சரி. இல்லைன்னா பழைய இரும்புக்காரர்கிட்ட ராட்டினத்தைப் போட்டுடலாம். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு என்னைக் கூப்பிடறாங்க. உக்காந்த இடத்துல வேலை. என் முதுகும் தாங்கலை, தாயே."

வாய்ச்சண்டையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் முதுகோடு எப்படிச் சண்டை போடுவது? சரி என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

பட்டாளத்தில் கழித்துக்கட்டிய லாரிகளை ஏலத்தில் எடுத்து விற்கிற யார்டு ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. எல்லாச் சக்கரமும் இழுக்கிற வண்டி, சேற்றுக்கென்றே செய்தது என்று யாரோ சொல்லப்போய், மாதக் கடைசியில் இருவரும் அங்கே போய் நின்றார்கள். பச்சைப் பச்சையாக வரிசைகட்டி நின்ற லாரிகளுக்கு நடுவில் யார்டுக்காரர் தொப்பையும் சிரிப்புமாக வந்தார். முன்வரிசையில் பளபளவென்று நின்ற ஒன்றைக் காட்டி, "உங்களுக்காகவே நிக்குதும்மா" என்றார்.

ராட்டினக்காரி உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

"இது ஏற்கெனவே எந்திரிச்சு, பல்லு வெளக்கி, பவுடர் பூசிட்டு நிக்குது. தூங்கிட்டிருக்கிறதைக் காட்டுங்க."

யார்டுக்காரர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். ஆள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடேற்றி வைத்த வண்டி எதையாவது மறைக்கும். ஆறிக் கிடக்கிற வண்டி முதல் தடவை எப்படி இருமுகிறது என்று கேட்டால்தான் அதன் நெஞ்சு தெரியும். இது டிரைவருக்கும் தெரியும், ராட்டினக்காரிக்கும் தெரியும்.

மூலையில் தூசி படிந்து ஒன்று நின்றது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தாள். சின்னச் சுத்தியலால் அடிச்சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். கணீர் கணீரென்று கெட்டியான சத்தம் வந்தது. இரண்டு தகடு சேருகிற இடங்களில்தான் துரு ஒளிந்துகொள்ளும் என்று அங்கெல்லாம் நகத்தால் சுரண்டினாள். டயரில் தரையைத் தொடுகிற பட்டையெல்லாம் புதுசு மாதிரி தடிமனாக இருந்தது. பக்கவாட்டில் மட்டும் பாளம் பாளமாக வெடிப்பு.

"இது ஓடித் தேயலைங்க. நின்னே செத்துப்போச்சு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "டயர் மொத்தமும் மாத்தித் தரணும்!"

"ஐயோ, மாத்தித் தர்றேம்மா, முதல்ல வெளிய வாங்க" என்றார் யார்டுக்காரர்.

வீட்டுக்காரர் தன் பங்குக்குப் பட்டாளம் வண்டியை விடுவித்ததற்கான காகிதத்தை வாங்கி, சட்டத்தில் அடித்திருந்த நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் வண்டி வெறும் இரும்புதான், ரோட்டில் ஏறாது. பச்சையைச் சுரண்டி வேறு நிறம் அடித்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதையும் அவர் விசாரித்து வைத்திருந்தார். டீசலை மடக் மடக்கென்று குடிக்கும், ஸ்டியரிங் திருப்பினால் தோள் கழன்றுவிடும், பார்ட்ஸுக்கு நாயாய் அலைய வேண்டும் என்று அவர் சொன்னதற்கெல்லாம் அவள் 'உம்' கொட்டினாள்.

"சாவி எங்க?" என்று கேட்டாள்.

"பட்டாள வண்டிக்கு ஏதும்மா சாவி? குண்டு விழும்போது சட்டைப் பையத் துழாவிட்டு நிப்பாங்களா? சுவிட்சைத் தட்டுனா கிளம்பிடும்."

"அப்ப யாரு வேணும்னாலும் திருடிட்டுப் போயிடலாமே?"

"இதைத் திருடினா எவ்வளவு வேகமா போயிடுவான்? பின்னாலயே நடந்து போய்ப் பிடிச்சிடலாம்."

வீட்டுக்காரர் ஏறிச் சுவிட்சைத் தட்டினார். லாரி இருமியது, செருமியது, ஒரு பெரிய கரும்புகையைத் துப்பிவிட்டு, திடும் திடுமென்று நிதானமாக ஓட ஆரம்பித்தது. அவர் முகத்தில் அவரையும் மீறி ஒரு சந்தோஷம் வந்து போனதை அவள் பார்த்தாள்.

பிறகுதான் அவள் தன் காலிச் சுற்றைக் கேட்டாள். முன்னால் ஏறமாட்டேன் என்று பின்பக்கம் சாமான் ஏற்றுகிற தளத்தில் ஏறி, நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "ஓட்டுங்க!"

கடவுளே! யார்டு மைதானத்தின் முதல் பள்ளத்திலேயே அவள் அந்தரத்தில் இருந்தாள். இரண்டாவதில் பக்கப் பலகையைப் பிடித்தாள். மூன்றாவதில் கண்ணைத் திறந்துவிட்டாள். தளம் அவளை முறத்தில் போட்டுப் புடைத்தது. பலகையெல்லாம் கடகடவென்று அலறியது. சுற்று முடிந்து இறங்கியபோது கொண்டை அவிழ்ந்து, முழங்கை சிராய்த்து, முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாங்க" என்றாள். "காலியிலேயே இந்த ஆட்டம் ஆடுது. ராட்டினத்தை ஏத்தினா ஒரு குதிரை முழுசா போய்ச் சேராது. போயிடலாம்."

அவ்வளவுதான். மாதம் முடிந்தது, வண்டி இல்லை, ராட்டினம் இரும்புக் கடைக்கு. அவள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டுக்காரர் இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டை நெருங்கியபோது ஹாரன் அடித்தது. யார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன்.

"ஏய், நில்லு!" என்று கத்தினார். "காலி லாரி குதிக்கத்தான் செய்யும். டன் கணக்குல சுமக்கிறதுக்குப் போட்ட வில்லுப்பட்டை. நீ ஒருத்தி உக்காந்தா அதுக்கு ஈ உக்காந்த மாதிரி. பாரம் ஏத்திட்டுப் பாரு!"

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "இதை ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? என் இடுப்பு எலும்பு போச்சு!"

"உன்கிட்ட யாரு வாயக் கொடுக்கிறது?"

யார்டுக்காரருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. செத்த டயர்களை உருட்டிவந்து ஏற்றினார்கள். உடைந்த எஞ்சின் ஒன்றைச் சங்கிலி கட்டித் தூக்கித் தளத்தில் இறக்கினார்கள். போதாது, போதாது என்று ராட்டினக்காரி கையாட்ட, வெல்டர் கண்ணாடியைக் கழற்றாமலே ஏறினார். பெயிண்டர் ஏறினார். கணக்குப் பிள்ளை பேனாவோடு ஏறினார். கடைசியில் யார்டுக்காரரையே நான்கு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவர் ஏறியதும் லாரி ஒரு பெருமூச்சு விட்டு அமர்ந்தது.

அவள் நடுவில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினாள். லாரி கிளம்பியது. முதல் பள்ளம் வந்தது. மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறியது. இரண்டாவது பள்ளம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கணக்குப் பிள்ளை "ஹோய்!" என்று கத்த, பெயிண்டர் விசிலடித்தார். வயசான மனுஷர்கள் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வேண்டுமென்றே வீட்டுக்காரர் ஓரத்துச் சேற்றுக் குட்டைக்குள் விட்டார். லாரி எருமை மாதிரி உள்ளே போய் எருமை மாதிரியே கரையேறியது.

"நிறுத்தாதீங்க டிரைவர், இன்னொரு தடவை!" என்றது யார்டுக்காரர்தான்.

பேரம் முடிந்து, டயர் மாற்றி, மறுவாரம் அதை வீட்டுக்கு ஓட்டிவந்தார்கள். டிரைவர் பெட்டிக்குள் எஞ்சின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. நெஞ்சுக்குள் கிடந்த கேள்வியை அவளும் தொண்டை கிழியக் கேட்கவேண்டியதாயிற்று.

"ஏங்க! அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே!"

"என்னது?"

"பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிம்மதியா போயிருக்கலாமே! நான்தானே வேண்டான்னேன்! எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்பி வளைவைக் கடந்தார்.

"இறங்கினப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்டி!" என்று சாலையைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "அந்த மூஞ்சிய வீட்ல வச்சுக்கிட்டு நான் எப்படிச் சோறு திங்கறது?"

"முதுகு வலிக்குமே!"

"வலிக்கட்டும்! நீ தேச்சுவிடு!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் இந்தச் சத்தத்தில் ஒரே மறைவு என்று நன்றாக வாய்விட்டே அழுதாள், வாய்விட்டே சிரித்தாள். பின்னால் ஒரு பஸ் வழி கேட்டு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அவனைப் போகச் சொல்லுங்க" என்றாள். "நமக்கென்ன அவசரம்?"