சக்கரம் முதலில் வந்த கார்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து செய்வாள். கூட இருப்பவர்கள் ‘சொட்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் கார் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தாறுமாறாகப் போனாள் என்பது அவள் கணவருக்கும் அண்ணனுக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு கிடங்கின் பின்னால் ஒன்பது வருடமாக நனைந்துகொண்டிருந்த இரண்டு கதவுக் காரை, ஐம்பதாவது வயதில் வாங்கினாள். தன் இஷ்டப்படி ஒரு வண்டியை உருவாக்கிவிட வேண்டும் என்று ஆசை. வெல்டிங் பட்டறை வைத்திருந்த அண்ணன் கதவைத் திறந்து, காரின் தரையில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். அது அந்தப் பக்கம் போய்விட்டது.

“தரையே இல்ல தங்கச்சி. கால வச்சா ரோட்டுலதான் வைக்கணும். சரி, இந்த வண்டி உனக்கு எதுக்கு? அதச் சொல்லு. அதுக்குத் தக்க மாதிரி செலவப் பிரிச்சுக்கலாம்.”

“மலை ரோட்டுல விறுவிறுன்னு ஏறணும்” என்றாள்.

அன்றிரவே கையிலிருந்த பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து எழுதினாள். துருவுக்கும் தகரத்துக்கும் நான்கு, பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் மூன்று, வயரிங்குக்கு ஒன்று, சீட்டுக்கும் பெயிண்ட்டுக்கும் ஒன்று, எதிர்பாராத செலவுக்கு ஒன்று. காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒட்டிய நான்காம் நாள், வீட்டு வாசலில் நான்கு அலாய் வீல்கள் வந்து இறங்கின.

“பாதி விலைங்க. விட்டா கிடைக்காது.”

“எந்தப் பங்குல வாங்கின?” என்று கணவர் கேட்டார். குடிநீர் அலுவலகத்தில் கணக்கர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

“பெயிண்ட் பங்குல கொஞ்சம். மீதி எதிர்பாராத செலவுல.”

“நீயே போய்ப் பார்த்து, பேரம் பேசி, ஆட்டோ வச்சுக் கொண்டு வந்தது எப்படிம்மா எதிர்பாராத செலவு?”

வீல்கள் கட்டிலுக்கடியில் போயின. விடிகாலையில் எழுந்து அதில் கால் விரலை இடித்துக்கொள்வது அவருடைய அன்றாட வேலையாயிற்று.

அடுத்து தோல் சுற்றிய ஸ்டீயரிங் வந்தது. அதற்கடுத்து ஒரு யோசனை வந்தது. மலை ரோடு வேண்டாம், கண்காட்சியில் நிறுத்தினால் என்ன? பார்வைக்கு எடுப்பாக இருக்க வண்டியைத் தரையோடு தாழ்த்தச் சொன்னாள். அண்ணன் தாழ்த்தினார். மறுமாதம் மலை ரோடே பரவாயில்லை என்றாள்.

“நான் வெட்டுறது இரும்பு, துணி இல்ல” என்றார் அவர். “பிரிச்சுப் பிரிச்சுத் தைக்க முடியாது.”

ஆனாலும் பிரித்தார். மலைக்கென்று பெரிய டிஸ்க் பிரேக் மாட்டினார். பிறகு அந்த அலாய் வீலை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். வீலின் ஆரக்கால்கள் உள்ளே பிரேக்கில் போய் முட்டின. சக்கரம் கால்வட்டம்கூடச் சுற்றவில்லை.

“நடுவுல ஒரு தகடு வச்சு வெளிய தள்ளினா?”

“மட்கார்டுல உரசும்.” அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “பிரேக் வாங்கிட்டு வீல் வாங்கணும். நீ வீல வாங்கிட்டு அதுக்கு ஒரு காரத் தேடிட்டு இருக்க. எதுக்கு இந்த வண்டின்னு முடிவு பண்ணிட்டு வா. அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்.”

இரண்டு வாரம் அவள் பட்டறைப் பக்கம் போகவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவரிடம்கூட எரிந்து விழுந்தாள். யார் மேல் எரிச்சல் என்று அவளுக்குத் தெரியும், அதுதான் தாங்கவில்லை. எந்தப் பரிசோதனை என்று சீட்டைப் பார்க்காமல் அவள் ஒருநாளும் ரத்தக் குழாயைக் கையில் எடுத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குழாய். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவாள்.

மூன்றாவது வாரம் போனாள்.

“வேலைக்குப் போக வர. அஞ்சு மணி ஷிஃப்டுக்கு பஸ் ஸ்டாப்புல நனையாம. அவ்வளவுதான்ணே.”

“மாத்த மாட்டியே?”

“மாட்டேன்.”

பிரேக் இருக்கட்டும், அதில் முட்டாத பழைய இரும்பு வீலே போதும் என்று முடிவானது. அலாய் வீல்களை வாங்க ஒருவன் வந்தான். வாங்கியதில் முக்கால்வாசி விலைக்குக் கேட்டான்.

“என்ன வண்டிக்கு?” என்றாள்.

“வண்டி இனிமேதாங்க்கா வாங்கணும்.”

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு பணத்தை வாங்கிக்கொண்டாள். அது அப்படியே பின்பக்கத் துருவுக்குப் போயிற்று.

பதினான்கு மாதம் கழித்து கார் வெளியே வந்தது. பெயிண்ட்டுக்குப் பணமில்லாததால் உடம்பெல்லாம் சாம்பல் நிற ப்ரைமர் அடிப்பூச்சுதான். இடது கண்ணாடி இறங்காது. பக்கத்தில் கணவர் கால் நீட்ட இடமில்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சிக்னலில் அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், கோட்டுக்கு முன்னால் நேராக நின்றது.

“நிக்குதுங்க” என்றாள்.

“பச்சை விழுந்துடுச்சு. போ” என்றார் அவர்.