கறுப்புப் பெயிண்ட் அடித்த டிரம்

எங்கள் ஜிம்மியைக் கொன்றது எலி இல்லை. ஸ்டோர்ஸ் சூசை மாமா கொடுத்த டிரம்.

மாமா இன்று காலை சென்னையில் இறந்துவிட்டார். தொண்ணூறு தாண்டியிருக்கும். அந்தமானில் ஹேடோ குவார்ட்டர்ஸில் இருந்த பழைய ஆட்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் காலையிலிருந்து கும்பிடு எமோஜி... "தங்கமான மனிதர்."

தங்கமான மனிதர்தான். அதை நான் மறுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். அப்பா துறைமுக ஜெட்டியில் கூலி. குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும். மழைத்தண்ணீர் பிடித்துவைக்க, மெயின்லேண்ட் கப்பலில் சரக்கு வந்த காலி டிரம்தான் கதி.

ஸ்டோர்ஸ் சாவி மாமாவிடம். எங்கள் லைன் முழுக்க வீட்டுக்கு ஒரு டிரம், அவரே உருட்டிவந்து கொடுத்தார். "கழுவித்தான் வச்சிருக்கேன் தங்கச்சி, தாராளமா புழங்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

எழுத்து இருந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பெயிண்ட். துருப் பிடிக்காமல் இருக்கவாம்... துரு எழுத்தில் மட்டுமா பிடிக்கும்?

குடிக்கக் குழாய்த் தண்ணீர். துணிக்கும் பாத்திரத்துக்கும் டிரம். குழாய் வராத நாளில் சோறும் அதில்தான். ஜிம்மிக்கு எப்போதும் டிரம். நாய்தானே.

எட்டு மாதக் குட்டி. முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு வாந்தி. பிறகு தீராத தாகம்... குடித்துக்கொண்டே இருந்தது, மூத்திரம் போய்க்கொண்டே இருந்தது.

தாகத்தில் தவிக்கிறதே என்று நான்தான் மொண்டு மொண்டு ஊற்றினேன். அதே டிரம்மிலிருந்து.

வெட்னரி கம்பவுண்டர் ஒரு பெங்காலி. ஜிம்மியின் வாயை மோந்து பார்த்து, கிட்னி போய்விட்டது என்றார். இத்தனை சின்ன நாய்க்கு எப்படி என்று கேட்டேன். பிறவிக் கோளாறாக இருக்கலாம், எலி மூத்திரம் பட்ட தண்ணீரால் காய்ச்சல் வந்திருக்கலாம், விஷம் ஏதாவது உள்ளே போயிருக்கலாம் என்று ஹிந்தியில் சொன்னார்.

பிறகு கேட்டார். "பானி கிதர் ஸே பீதா ஹை?" தண்ணீர் எங்கே குடிக்கிறது என்று.

நான் டிரம் பக்கம் கையை நீட்டினேன். மாமா எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. "சூஹா, தாதா, சூஹா. குடோன் பூரா எலிதான்" என்று குறுக்கே விழுந்தார்.

என்னிடம் தமிழில், "வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துக்கடா. நாய் நரிக்கெல்லாம் அவர்தான்."

"நாங்க அஞ்சு பேர் புழங்குற தண்ணி மாமா" என்றேன்.

"நாலு எழுத்து படிச்சிட்டா போதுமே... எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சிரித்தார். கம்பவுண்டர் சிரிக்கவில்லை.

ஜிம்மி மறுநாள் மதியம் செத்தது.

அந்த வாரமே லைனில் இருந்த அத்தனை டிரம்மையும் மாமா திருப்பி எடுத்துப் போனார். பதிலுக்குச் சமையல் எண்ணெய் டிரம் வந்தது. அதில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

ஏன் என்று கேட்டால், "ஓட்டைடா" என்றார். எல்லாமா? எங்கள் டிரம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மொண்டு ஊற்றியவன் சொல்கிறேன்.

தெரிந்தே கொடுத்தாரா, ஜிம்மி செத்த பிறகு தெரிந்ததா... கூலி லைனுக்கு இது போதும் என்று மேலே இருந்த எவனாவது சொன்னானா?

பத்து வருஷம் கழித்து கிட்னி கெட்டு அம்மாவுக்குக் கால் வீங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். இருக்கலாம்.

போன வருஷம் மாமாவுக்கு போன் செய்து, "எங்க வீட்டு நாய் ஒண்ணு செத்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஜிம்மி... நல்ல நாய்டா" என்றார். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பெயரை நான் சொல்லவில்லை.

டிரம்மைப் பற்றிக் கேட்டேன். "சாப்டியாடா?" என்றார்.

போய் வாருங்கள் மாமா. வீடு வீடாக டிரம் உருட்டிய கைகளை மறக்கவில்லை.

அந்தப் பெயிண்டுக்கு அடியில் என்ன எழுதியிருந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.