ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை

என் வளைகாப்புக்கு அம்மா வரவில்லை.

வேப்பம்பட்டில் மாமியார் வீட்டுக் கூடத்தில், மணையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வேப்பங்கொழுந்தில் செய்த காப்பைப் பெற்றவள்தான் முதலில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கண்ணாடி வளையலைத் தொடுவார்கள். சாப்பாட்டுக்குக் கலவை சாதமும் பெண் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வெயில் ஏறி, தட்டில் இருந்த காப்பு வாடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மாள் ஒருத்தி, "சம்மந்தியம்மா இன்னும் சிங்காரிச்சிக்கினு கீறாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். சந்தனக் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. வயிற்றை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக எழுந்திருக்க முடியாது என்பதால் தப்பித்தாள்.

அம்மாவுக்கு இருந்தது பதற்ற நோய். இந்த வார்த்தை அப்போது எங்களிடம் இல்லை. "பயந்தாங்கொள்ளி" என்ற வார்த்தைதான் இருந்தது. அதை எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் ஆண்பிள்ளைகள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போவது அம்மாதான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அவள் பேக்கிங் வேலை பார்த்தாள். என் அப்பா, நைனாவுக்கு, அதே தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. ஒரு மத்தியானம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு, காரணமே இல்லாமல் நெஞ்சு அடைத்திருக்கிறது. கை மரத்து, கண் இருட்டி, இதோ சாகப்போகிறோம் என்று தோன்றியிருக்கிறது. கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுத்தார்கள். "ஒண்ணியும் இல்லம்மா, நல்லாதான் கீற" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அது வராத நாளிலும், வந்துவிடுமோ என்ற பயம் வந்தது. முதலில் கம்பெனி பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்து சீட்டில் மட்டும்தான் உட்கார்ந்தாள். அப்புறம் பஸ்ஸே வேண்டாம் என்றாள். வேலை போனது. ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியவில்லை. கோயில் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று வாசல்வரை வந்து திரும்பிப் போவாள். கல்யாணமான பிறகு நான் ரயிலேறினால், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எளாவூர் தாண்டினால் ஒன்று, பொன்னேரி தாண்டினால் ஒன்று. ரயில்வேக்காரர்கள்கூட அந்த வண்டியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எலுமிச்சம்பழம் மந்திரித்தோம். எதிர்வீட்டு அக்கா சர்ச்சிலிருந்து ஜெப எண்ணெய் கொண்டுவந்து நெற்றியில் தடவினாள். மறுபடியும் மறுபடியும் ஈசிஜி எடுத்தோம். ரிப்போர்ட் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வந்தது. ஒரு அடைப்பு, ஒரு ஓட்டை என்று ஏதாவது எழுதியிருந்தால் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் இல்லை என்று எழுதியதால், "வேலைக்குப் போவ சோம்பல்" என்றார்கள்.

வளைகாப்பு அன்று நடந்ததை நைனா எனக்குப் பிறகு சொன்னார். அதற்கு முன்னால் பல நாள் அம்மா தனியாக ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி வந்து நின்று கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்று பழகியிருக்கிறாள். அன்று விடியும் முன்பே புளி சாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் கிளறி, தூக்குகளில் அடைத்து, நைனாவோடு வண்டி ஏறிவிட்டாள். பொன்னேரி தாண்டி, மீஞ்சூர் தாண்டி, "உங்க அம்மா சிரிச்சிக்கினுதான் வந்தா" என்றார் நைனா. பேசின் பிரிட்ஜுக்கு முன்னால், எப்போதும் நிற்கிற மாதிரி, சிக்னலுக்காக வண்டி நின்றது. நெரிசலில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. தண்டவாளத்தில் இறங்கப்போனவளை நாலு பேர் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வண்டி ஸ்டேஷனுக்குள் போனதும் நைனா அவளைப் பிளாட்பாரத்தில் கிடத்தினார். அங்கிருந்து ஆம்புலன்ஸ். சாதத் தூக்குகள் அங்கேயே நின்றுவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து நைனா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சி பயந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், "ஒண்ணியும் இல்லம்மா. டாக்டரு பாத்துட்டாரு. அம்மாவுக்கு ஒண்ணியுமே இல்லையாம்" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்லையா? அப்போ ஏன் வரல?" என்றாள் அத்தை, என் மாமியார்.

வாடிப்போன காப்பை அத்தையே என் கையில் போட்டாள். பெற்றவள் வந்து கூப்பிட்டால்தான் தாய்வீட்டுக்கு அனுப்புவேன் என்று அன்றைக்கே சொல்லியும் விட்டாள். அத்தை கெட்டவள் இல்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் என் பிரசவத்தின்போது ராவும் பகலும் கூடவே இருந்தாள், பத்தியம் வடித்துப் போட்டாள். ஆனால் வலி எடுத்தபோது நான் கத்தியது அம்மாவைத்தான்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், ஒரு டாக்டரம்மாவிடம் பேச்சோடு பேச்சாக அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இது நோய்தான், உடம்பு நிஜமாகவே அப்படித் துடிக்கும், இருதயத்தைப் படம் எடுத்தால் தெரியாது, மருந்தும் பேச்சு வைத்தியமும் இருக்கிறது என்றார். தீயே இல்லாமல் கம்பெனியில் சைரன் அடித்தால், அது பொய்ச் சைரன் என்று தெரியும்வரை எல்லோரும் ஓடத்தானே செய்வார்கள். அம்மாவுக்குள்ளே அது வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு, வீட்டுக்காரரை நச்சரித்து ஆரம்பாக்கம் போனேன். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். குழந்தையை வாங்கக் கை நீட்டினவள், நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

"திடீர்னு படபடன்னு வந்து கீழ உட்டுட்டா? நீயே வெச்சிக்கினு ஒக்காரு கண்ணு. நான் இப்டியே பாத்துக்கறேன்."

டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அப்போ நான் நடிக்கல இல்ல?" என்றாள். என்னிடம்தான் கேட்டாள். "நானே நம்பிட்டேன் கண்ணு. எல்லாரும் சொல்றாங்களே, நம்மளாதான் இப்டி பண்றமோன்னு."

எனக்குத் தாங்கவில்லை. அம்மா மேல் எனக்கும் கோபம் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். குழந்தையும் பயந்து சேர்ந்துகொண்டது.

அழுகை அடங்கியதும் அம்மா அலமாரியைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். சாதத் தூக்குகளை விட்டாலும் அன்று அதை விடவில்லையாம், ஆம்புலன்ஸிலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாளாம். உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். ஒன்றுகூட உடையவில்லை. என் கையை இழுத்து, விரல்களைக் குவித்து, வளையல்காரியைப் போல ஒவ்வொன்றாக ஏற்றினாள். எல்லாம் போட்டு முடித்துக் கையை விட்டதும், வளையல்கள் மொத்தமாக நழுவி அவள் மடியில் விழுந்தன. பிள்ளைத்தாச்சிக்குக் கை வீங்கியிருக்கும் என்று பெரிய அளவாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

மறுபடியும் ஏற்றினாள். மறுபடியும் விழுந்தன.

"அன்னிக்கி வந்திருந்தா சரியா இருந்திருக்கும்" என்றாள்.

சாயங்கால வண்டிக்குக் கிளம்பினோம். வழியனுப்ப அம்மா வாசல்வரை வந்தாள். அவள் பார்க்கிறாளே என்று, மறுபடி வளையல்களை மாட்டிக்கொண்ட கையை, நழுவாதபடி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே தெருவைத் தாண்டினேன்.