ஏணைக்கு அடியில் ஒரு கை

இலங்கையில் நாங்கள் இருந்தது இரத்தினபுரிப் பக்கம், ரப்பர் தோட்டத்தில். குளிர் என்றால் என்னவென்று குன்னூருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கைக்குழந்தையை வழக்கம்போல் சேலையில் ஏணை கட்டிப் போட்டேன். வெலிங்டனில் பழைய பட்டாளச் சாமான் விற்கும் கடையிலிருந்து என் கணவர் இறகு அடைத்த படுக்கைப் பை ஒன்று வாங்கி வந்தார். அதை ஏணைக்குள் விரித்து, பிள்ளையைக் கிடத்தி, மேலே கம்பளியும் போர்த்தினேன்.

மறுநாள் பகலில் மூடுபனி. பிள்ளையைத் தூக்கினால் முதுகு ஐஸ் போலிருந்தது. உதடு நீலம்.

"ஏணையில புள்ள வெறச்சுப் போயிட்டான், ஓடியாங்க!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா ஓடிவந்தார். "ஏனுங்க, கைக்கொழந்தய எதுக்குங்க ஏணியில ஏத்துனீங்க?"

அவர்கள் ஊரில் இதற்குத் தொட்டில் என்று பெயராம்! பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டார். அவன் வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதன்பின் அக்கா ஏணைக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

"புள்ள கனத்துல எறகு சப்பையாப் போச்சுங்க. குளுருக்குக் கோழி எறக உப்பிக்கிட்டு நிக்குதில்லீங்க? இதையும் அப்புடி உப்ப உடோணும்."

பையை வெளியே எடுத்து, ஏணைக்கு அடியில் தொளதொளவென்று தொங்கக் கட்டினார். மறுபடி கிடத்திய பிள்ளையின் முதுகு வெதுவெதுப்பாகவே இருந்தது. என்ன மூளை! நானும் கோழி வளர்த்தவள்தான், எனக்குத் தோன்றவில்லையே.

இப்போது எந்த வீட்டில் ஏணையைக் கண்டாலும் முதலில் அடியில் கை வைத்துப் பார்க்கிறேன். முகத்தைக் கொஞ்சுவதெல்லாம் அப்புறம்தான்.